டீசல் கணக்கும் சைலன்சரும்

டீசல் செலவு கூடினால் நாம் முதலில் டிரைவரைச் சந்தேகிக்கிறோம். அதற்குமுன் சைலன்சர் பக்கம் பார்ப்பது நல்லது.

என்ஜினில் எரிந்த புகை தடையின்றி வெளியேற வேண்டும். வழி அடைபட்டால், புகையைத் தள்ளவே என்ஜினின் சக்தி வீணாகும், மைலேஜ் குறையும்.

1.4.2020 முதல் பி.எஸ்.6 விதி அமலில் உள்ளது. அதன்படி வந்த பெரும்பாலான டீசல் வண்டிகளில் புகைக்குழாயிலேயே கரி வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். கடலூர் முதுநகரில் ஏற்றி, திருப்பாதிரிப்புலியூரில் இறக்கும் வண்டிக்கு அந்தச் சூடு வராது. கரியை எரிக்க வண்டி தானாகவே கூடுதல் டீசல் எடுக்கும். பாதியில் வண்டியை நிறுத்தினால் அதுவும் வீண்.

அந்த வண்டியை வாரம் ஒருமுறையாவது சிதம்பரம் லைனுக்கு அனுப்புங்கள். நிற்காத ஓட்டத்தில் கரி எரிந்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வடிகட்டியைக் கழற்றிவிடச் சொல்வோர் பேச்சைக் கேட்காதீர்கள். அது சட்டத்திற்குப் புறம்பானது.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வாரந்தோறும் நோட்டில் எழுதி வாருங்கள். கணக்கு இறங்கினால், ஆளை நிறுத்துமுன் வண்டியைச் சோதியுங்கள். நல்ல டிரைவர் எளிதில் கிடைப்பதில்லை.