பதிவேட்டில் பெயர் இல்லாத நஞ்சு

கிள்ளான் வாசகருக்கு,

குழாய்த் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தீர்கள். அறிக்கையில் எல்லாக் கட்டத்திலும் 'கண்டறியப்படவில்லை' என்றே இருக்கிறது, இனிப் பயமில்லையா என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லிவிட முடியாது.

வழக்கமான சோதனை பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிப்பது மாதிரி. ஈயம், பாதரசம், இன்ன பூச்சிக்கொல்லி என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். பதிவேட்டில் பெயர் இல்லாத ஆள் கடைசி பெஞ்சில் இருந்தாலும் யாரும் கூப்பிடப்போவதில்லை. 2008இல் சீனப் பால்மாவில் நடந்தது இதுதான். புரதச் சோதனை நைட்ரஜனை மட்டும் அளந்தது. கலப்படமாகச் சேர்த்த மெலமைன் என்ற வேதிப்பொருளிலோ நைட்ரஜன் ஏராளம். தண்ணீர் கலந்த பால் சோதனையில் தேறியது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2020 செப்டம்பர் 3ஆம் தேதி ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கரைப்பான் வாடை. சுங்கை சிலாங்கூரின் மூன்று நீர் சுத்திகரிப்பு நிலையங்களும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையமும் மூடப்பட்டன. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை 1,292 இடங்களில், ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. தண்ணீர் லோரிக்குப் பின்னால் வாளியோடு நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும்.

அப்போது முதலில் வேலை செய்தது மூக்குதான். வாடைச் சோதனையில், குடுவையில் மாதிரியை ஊற்றி, வாடையற்ற நீர் சேர்த்து 200 மில்லிலிட்டராக்கி, சூடாக்கி மோந்து பார்ப்பார்கள். 50 மில்லி மாதிரியிலேயே வாடை மட்டுமட்டாகத் தெரிந்தால், 200ஐ 50ஆல் வகுத்து வாடை அளவு 4 என்பார்கள். ஏதோ இருக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும், என்னவென்று சொல்லாது.

பெயர் சொல்ல, மூலக்கூறுகளை அயனியாக்கி எடைபார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். பட்டியல் இல்லாமலே தேடலாம் என்பார்கள். தேடலாம்தான், ஆனால் எளிதில் ஆவியாகும் கரைப்பானைப் பிடிக்கும் கருவி மற்றதை விட்டுவிடும். அயனியாகாத பொருள் கண்ணிலேயே படாது. எடை ஒன்றாகவும் அமைப்பு வேறாகவும் பல சேர்மங்கள் உண்டு. அதனால்தான் 2014இல் ஆய்வாளர்கள் நம்பகத்தன்மைக்கு ஐந்து படிகள் வகுத்தார்கள். தூய மாதிரியோடு ஒப்பிட்டு உறுதிசெய்தால் முதல் படி. எடை மட்டும் தெரிந்தால் ஐந்தாவது. படியைச் சொல்லாமல் பெயரை மட்டும் எழுதும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

அப்படியானால் ஆய்வுக்கூடத்தையே சோதிப்பது எப்படி? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 'என்டாக்ட்' என்ற கூட்டுப் பரீட்சை வைத்தது. பத்துக் கலவைகளில் 1,269 வேதிப்பொருள்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே பல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். பிறகுதான் விடையைக் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். எத்தனை தப்பிப்போயின என்று அங்கே எண்ணிவிடலாம். ஆற்று நீரில் அது தெரியாது, விடைத்தாளே இல்லை. போடாத பொருளைக் கண்டதாக ஓர் ஆய்வுக்கூடம் சொன்னால், அது பிழையா, நிஜமாகவே உள்ளே இருந்த கசடா என்பதும் தனிச் சண்டை.

ஆகவே, அடுத்த முறை உங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்றைக் கேளுங்கள்: எவற்றைத் தேடினீர்கள், எவ்வளவு குறைவாக இருந்தால் உங்கள் கருவிக்குத் தெரியாது, விடை தெரியாத கலவையை எப்போதாவது சோதித்திருக்கிறீர்களா? குழாயில் பெயின்ட் வாடை அடித்தால் அறிக்கைக்குக் காத்திராமல் தண்ணீர் நிறுவனமான ஆயர் சிலாங்கூருக்குத் தெரிவியுங்கள். மாதிரியைப் பிளாஸ்டிக் புட்டியில் பிடிக்காதீர்கள். கண்ணாடிப் புட்டியில் காற்றிடமின்றி வாய்வரை நிரப்பி, இறுக மூடி, குளிரில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்புடன்,
பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து