தெரிந்த சொல்லையும் தேடிப் பாருங்கள்

பொருள் தெரியாத சொல் வந்தால் அகராதியைத் திறப்பது, பொருள் கிடைத்ததும் மூடிவிடுவது: நம்மில் பலருக்கு இதுதான் பழக்கம். தமிழ்வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் வேலைக்கு வந்த எனக்கு அகராதி பெரிதும் கைகொடுத்தது ஏற்கெனவே பொருள் தெரிந்த சொற்களில்தான்.

'டிஸ்கஸ்' என்றால் என்னவென்று யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும் ஒருமுறை தேடி, அதன் கீழுள்ள எடுத்துக்காட்டுகளைப் படியுங்கள். எந்த வாக்கியத்திலும் அதை அடுத்து 'அபௌட்' இருக்காது. பேசப்படும் விஷயம் நேராக வந்து நிற்கும். 'அட்வைஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'யு' என்று ஓர் எழுத்து இருக்கும். எண்ண முடியாத பெயர்ச்சொல் என்பதற்கான குறி அது. எனவே 'அட்வைசஸ்' என்று பன்மையாக்கக் கூடாது. 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்' எல்லாம் இந்த வகைதான். தமிழில் அறிவுரைகள், தகவல்கள், கருவிகள் என்று தயங்காமல் சொல்லிப் பழகிய நாம் இந்த ஓர் எழுத்தை அவசியம் கவனிக்க வேண்டும். 'ரெயின்' என்று தேடினால் 'ஹெவி ரெயின்' கிடைக்கும். பலத்த மழையை 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதாமல் தப்பிக்கலாம்.

இப்படிப்பட்ட குறிகள் ஆங்கிலேயர் தமக்காகத் தொகுத்துக்கொண்ட பழைய அகராதிகளில் கிடைப்பது அரிது. அவர்களுக்கு அவை இயல்பாகவே வரும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, அந்நிய மொழியாகக் கற்பவருக்கு எது தேவை என்று பார்த்து, இரு நண்பர்களோடு சேர்ந்து ஓர் அகராதி செய்தார். அது 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதை மறுபதிப்பு செய்தது. இன்று 'ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி' என்று நாம் வாங்குவது அதன் வழிவந்த நூல்தான். அகராதி வாங்கும்போது அட்டையில் 'லேர்னர்ஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஆங்கில விளக்கமே புரியாதே என்று அஞ்சுகிறவர்களுக்கு டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட்டைப் பற்றிச் சொல்ல ஆசை. 1935இல் வந்த அவருடைய அகராதி, 1490 சொற்களை மட்டுமே வைத்துக்கொண்டு மற்றச் சொற்களையெல்லாம் விளக்கியது. 1978இல் வந்த லாங்மன் அகராதியும் ஏறத்தாழ 2000 சொற்களுக்குள் விளக்கத்தை அடக்கிக்கொண்டது. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் ஓரளவு பிடிபட்டவர் அதைத் தைரியமாகத் திறக்கலாம்.

அதற்காக ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் பரணில் போட வேண்டாம். செடி, பறவை, மீன், நோய், தச்சுக் கருவி இவற்றின் பெயர்களுக்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஒரு மீனை ஆங்கிலத்தில் நான்கு வரி விவரித்தாலும் புரியாதது, தமிழ்ப் பெயரைச் சொன்னதும் புரிந்துவிடும். எண்ணம், உணர்ச்சி, செயல் குறித்த சொற்களுக்குத்தான் ஆங்கிலம்-ஆங்கிலம் வேண்டும்.

படிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நிற்காதீர்கள். கதையே கையைவிட்டுப் போய்விடும். பென்சிலால் அடிக்கோடிட்டுப் பத்தியை முடித்துவிட்டு, மீண்டும் மீண்டும் வந்து இடறுகிற சொற்களை மட்டும் தேடுங்கள். முதல் பொருளோடு நின்றுவிடாமல், உங்கள் வாக்கியத்துக்கு எது பொருந்துகிறது என்று கீழே வரை பாருங்கள். 'கெட்', 'ரன்' போன்றவற்றுக்கு இது மிக முக்கியம். குறிப்பேட்டில் சொல்லை மட்டும் எழுதிவைத்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். அகராதி தந்த வாக்கியத்தையும், அதே அமைப்பில் நம் வீட்டையோ வேலையையோ பற்றி நாமே எழுதிய ஒரு வாக்கியத்தையும் சேர்த்து எழுதினால்தான் நிற்கும்.

உச்சரிப்புக் குறியில் ஒரு சிறு மேல்கோடு இருக்கும். அதையடுத்து வரும் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறுவதில்லை. அதனால் அந்தக் கோடு நம் கண்ணில் படுவதே இல்லை. ஆங்கிலக் காதுக்கு அது பெரிய விஷயம். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையிலும், 'ஃபோட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாம் அசையிலும், 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசையிலும் அழுத்தம் விழும். கைபேசியிலுள்ள அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள்.