பில் இல்லாத பழைய வால்வு ஆம்ப்: வாங்கலாமா?

கேள்வி: தொண்டியில் வசிக்கிறேன். ஆலயப் பாடகர் குழுவிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் கிட்டார் வாசிக்கிறேன். அந்த வருமானத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. மதுரையில் ஒருவர், வெளிநாட்டில் வேலை பார்த்தபோது வாங்கிய 15 வாட் வால்வு ஆம்ப் ஒன்றை 32,000 ரூபாய்க்குத் தருவதாக ஆன்லைனில் விளம்பரம் செய்திருந்தார். போனில் பேசினேன். "வால்வெல்லாம் புதுசு தம்பி. ஒரு தடவைகூடப் பிரிச்சதே இல்ல. அப்படியே நம்ம கரண்ட்ல போடலாம்" என்றார். பில் இல்லையாம். 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பினால் பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன் என்கிறார். புதிது வாங்க எனக்கு வசதி இல்லை. இதை வாங்கலாமா? பழுதாக இருந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தொண்டி

பதில்: நுகர்வோர் ஆணையம் இருக்கிறது என்ற தைரியத்தில் இந்தப் பணத்தைப் போடாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரம் செய்கிறவரிடம் பொருள் வாங்கியவருக்கானது. தன் வீட்டில் கிடந்த பொருளை ஒருமுறை விற்கிற தனிமனிதரை வணிகர் என்று ஆணையத்தை ஏற்க வைப்பது கடினம். அவர் மாதாமாதம் இப்படி ஆம்ப், கீபோர்டு என்று விற்கிற ஆளாக இருந்தால் நிலைமை மாறும். அவருடைய மற்ற விளம்பரங்கள் கண்ணில் பட்டால் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கச்சேரியில் சம்பாதிக்கிறவர் நுகர்வோரே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் இதைத் தெளிவாக்கிவிட்டது. கோவை பி.எஸ்.ஜி.யிடம் பெரிய இயந்திரம் வாங்கிய அந்த நிறுவனம் வழக்கில் தோற்றது. ஆனால் பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்குகிறவரும், தானே இயக்க லேத் வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. சுயதொழிலுக்கான அந்த விலக்கு 2019 சட்டத்திலும் உண்டு. தானே வாசிக்க ஆம்ப் வாங்கும் உங்களுக்கும் அது பொருந்தும். ஆக, சிக்கல் உங்கள் பக்கம் இல்லை, விற்கிறவர் தனிநபர் என்பதில்தான்.

தனிநபரிடம் வாங்கும்போது உங்களுக்குக் கைகொடுப்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அது ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். பொருள் நல்ல தரத்தில் இருக்க வேண்டும் என்ற சொல்லாத நிபந்தனையை அதன் 16-ஆம் பிரிவு, அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர்மீதுதான் சுமத்துகிறது. மற்றபடி, பார்த்து வாங்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. ஆனால் இரண்டு நிபந்தனைகள் தனிநபரையும் கட்டும். விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும் (பிரிவு 14). சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் (பிரிவு 15).

இந்த இரண்டாவது நிபந்தனைதான் உங்களுக்கு முக்கியம். "வால்வு ஆம்ப்" என்ற பெயரில் இரண்டு விதமான சரக்கு சந்தையில் ஓடுகிறது. ஒன்று முழு வால்வு. ஃபெண்டர் புளூஸ் ஜூனியரை எடுத்துக்கொண்டால் பிரீஆம்பில் மூன்று 12ஏஎக்ஸ்7, பவர் பகுதியில் இரண்டு இஎல்84, மொத்தம் 15 வாட். இன்னொன்று, முன்பகுதியில் ஒரே ஒரு வால்வை வைத்துவிட்டு, பவர் பகுதி முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடுவது. மார்ஷல் வால்வ்ஸ்டேட் வரிசை அப்படிப்பட்டது. தயாரித்த நிறுவனம் அதை மறைக்கவில்லை, செகண்ட் ஹேண்டில் விற்கிறவர்தான் "டியூப் ஆம்ப்" என்று மொட்டையாகப் போடுகிறார். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். பின்பக்கம் எட்டிப் பார்த்து வால்வுகளை எண்ணுங்கள். முழு வால்வு என்று சொல்லிக் கலப்பு ஆம்பைத் தந்தால் அது விவரத்துக்கு மாறான விற்பனை. நீங்கள் மறுக்கலாம்.

"நம்ம கரண்ட்ல போடலாம்" என்றாரே, அதுவும் விவரம்தான். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வாங்கியதென்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது. அமெரிக்கச் சந்தைக்கான ஆம்ப் என்றால் 120 வோல்ட், ஜப்பான் சந்தைக்கானது என்றால் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஃபியூஸ் போகும், அல்லது டிரான்ஸ்ஃபார்மரே போகும். பின்பலகையில் கரண்ட் வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் வோல்ட் அச்சிட்டிருக்கும். அதையும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. அதற்கே சாக்குச் சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேச்சு எதற்கு?

போட்டோ சரியாக இருந்தால் மதுரைக்கு நேரில் போங்கள். உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். பழைய வால்வு ஆம்பில் மாற்றச் செலவு பிடிக்கும் பாகங்களில் அது ஒன்று. சூடேறியதும் விளக்கை அணைத்துவிட்டு வால்வுகளைப் பாருங்கள். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் மெல்ல ஒளிர்வது இயல்பு. பவர் வால்வின் உள்ளே இருக்கும் உலோகத் தகடே சிவப்பேறினால் கோளாறு, உடனே அணைக்கச் சொல்லுங்கள். பிரீஆம்ப் வால்வைப் பென்சிலால் மெதுவாகத் தட்டும்போது ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணியடித்தால் அந்த வால்வு போய்க்கொண்டிருக்கிறது. கிட்டாரைச் செருகாமலே 'ம்ம்ம்' என்று பலமான இரைச்சல் வந்தால் ஃபில்டர் கெபாசிட்டர் வறண்டிருக்கலாம். சூட்டில் வரும் கோளாறுகள் ஐந்து நிமிடத்தில் தெரியாது, அரைமணி நேரமாவது வாசியுங்கள். பிளக்கையும் பாருங்கள். எர்த் கம்பி வெட்டப்பட்டிருந்தால் மேடையில் கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைக்கும்போது ஷாக் அடிக்கும். ஜெனரேட்டரில் ஓடும் கோயில் கொடை மேடைகளில் இது உயிர் விஷயம்.

உட்பெட்டியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கும். பழைய வால்வு ரேடியோ பழக்கமுள்ள மெக்கானிக் யாராவது கிடைத்தால் அழைத்துப்போங்கள். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-லிருந்து வால்வு தயாரித்தது, அவற்றைத் தொட்டுப் பழகிய கைகள் இன்னும் சில ஊர்களில் உண்டு. இப்போது கடையில் கிடைக்கும் வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்து வருபவை. முழு செட்டையும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் சில ஆயிரத்தை விலையில் கழித்துப் பேசுங்கள். கடலோரத்தில் கிடந்த ஆம்ப் என்றால் வால்வு சாக்கெட்டில் உப்புக்காற்றின் துரு இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டிலும் அதே காற்றுதான், மூடியே வையுங்கள்.

இனி அவர் வாய்ச்சொல். "சும்மா கிண்ணுன்னு இருக்கும்" என்று சொன்னால் அது வியாபாரப் பேச்சு, அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட முடியாது. "வால்வு புதுசு", "பிரிச்சதே இல்ல" இரண்டும் உண்மையென்று சொல்லப்பட்ட தகவல்கள். பொய் என்று தெரிந்தே சொல்லியிருந்தால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி மோசடி, 19-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம். குறையைச் சொல்லாமல் சும்மா இருந்தார் என்பது மட்டும் பொதுவாக மோசடி ஆகாது. அதனால் வாய்விட்டுக் கேளுங்கள், பதில் வாங்குங்கள். எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு: வால்வைப் புதிதாக மாற்றியவர் பின்பலகையையாவது கழற்றியிருக்க வேண்டுமே? யார் மாற்றினார்கள், வால்வு வாங்கிய பில் எங்கே என்று கேளுங்கள்.

கேட்டதை வாட்ஸ்அப்பில் எழுதி, "நீங்கள் சொன்னது இதுதானே அண்ணே?" என்று அனுப்பி "ஆமா" வாங்கிவிடுங்கள். மறையும் மெசேஜ் வசதியை நிறுத்திவையுங்கள், போனை மாற்றினாலும் பழைய போனை விற்காதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அசல் போன் கையில் இருந்தால் அதிலும் தகராறு குறையும்.

பணம் கொடுக்கும் அன்று ஒரு தாளில் இவ்வளவு எழுதி வாங்கினால் போதும்: "இன்ன கம்பெனி, இன்ன மாடல், இன்ன சீரியல் எண் கொண்ட முழு வால்வு ஆம்ப் எனக்குச் சொந்தமானது. 230 வோல்ட்டில் இயங்கும். வால்வுகள் இன்ன மாதம் மாற்றப்பட்டவை. வேறு பழுதுபார்ப்பு நடந்ததில்லை. ரூ.32,000 பெற்றுக்கொண்டேன். உரிமையில் பிரச்சினை வந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்." தேதி, முகவரி, கையெழுத்து. தொகை 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பில் இல்லாததே குற்றமில்லை. ஆனால் திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரிந்தால் ஆம்ப் கையைவிட்டுப் போகும், உங்களையும் விசாரிப்பார்கள். தெரியாமல் நியாயமான விலைக்கு வாங்கினேன் என்று காட்ட இந்தத் தாளும் வங்கிவழிப் பணப் பரிமாற்றமும் வேண்டும்.

முன்பணம் அனுப்பாதீர்கள். பார்சலும் வேண்டாம். பார்சல் சர்வீஸிடம் ஒப்படைத்த உடனேயே உங்களிடம் ஒப்படைத்ததாகச் சரக்கு விற்பனைச் சட்டம் பொதுவாகக் கருதும் (பிரிவு 39). வழியில் வால்வு உடைந்தால் அவர் கையை விரித்துவிடலாம். பணம் போய் ஆள் மறைந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே பேசுங்கள். சரக்கு விற்பனைச் சட்டம் பிறந்த வருஷமும் அதுதான், மறக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு குறை தெரிந்தால் அன்றே எழுத்தில் சொல்லுங்கள். நியாயமான காலம் தாண்டியும் மௌனமாக வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் (அதே சட்டம், பிரிவு 42). அப்புறம் நஷ்டஈடு கேட்கலாம், திருப்பிக் கொடுப்பது கஷ்டம். வழக்குப் போடுவதென்றால் மூன்று வருடத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில், அதுவும் பெரும்பாலும் மதுரையில். இந்தத் தொகைக்கு அந்த அலைச்சல் கட்டாது என்பதே என் கருத்து.

இதே காசுக்குக் கடையில் பழைய ஆம்ப் கிடைத்தால் கதையே வேறு. பில் தர மறுப்பது, பில்லில் வேறு காலக்கெடு இல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது, இரண்டும் நேர்மையற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டு அதை மாற்றாது. மதுரைக் கடையானாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. முதலில் 1915-இல் புகார் சொல்லிப் பாருங்கள், பல விவகாரங்கள் அங்கேயே முடிகின்றன. இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலானாலும் நான் கடையைத்தான் சொல்வேன்.

மதுரைக்காரரிடமே வாங்குவதென்றால், நேரில் அரைமணி நேரம் வாசித்துப் பார்த்து, மேலே சொன்ன தாளில் கையெழுத்து வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் ஆம்பை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.