சுண்டெலி கற்பிக்கும் கால்நடைப் பாடம்

குதிரிலும் நெல் மூட்டையிலும் ஓட்டை போடும் சுண்டெலியை அறியாத விவசாயி இல்லை. எல்லாச் சுண்டெலியும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே குரோமோசோம்களின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுவது உண்டு. கறவை மாடு வளர்ப்போருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

குரோமோசோம் என்பது என்ன?

உடலின் செல்களுக்குள் நூல் போன்ற குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக உள்ளன. நிறம், உடலமைப்பு, பால் கறக்கும் திறன் போன்ற பண்புகளுக்கான மரபணுக்கள் இவற்றில் அமைந்துள்ளன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயின் பங்கு, மற்றது தந்தையின் பங்கு. மாட்டுக்கு 60 குரோமோசோம்கள், சுண்டெலிக்கு 40.

புகையிலைச் சுண்டெலி

சுவிட்சர்லாந்து நாட்டில் போஸ்கியாவோ என்ற மலைப் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குள்ள கருநிறச் சுண்டெலியை 1869ஆம் ஆண்டில் தனி இனம் என்றே எழுதி வைத்தனர். ‘புகையிலைச் சுண்டெலி’ என்றும் அதற்குப் பெயர். 1969இல் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி குரோப் குழுவினர் அதன் குரோமோசோம்களை எண்ணியபோது 26 மட்டுமே இருந்தன. மற்ற 14 எங்கே போயின?

எங்கும் போகவில்லை. இரண்டிரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டி ஒன்றாகிவிட்டன. இரண்டு சிறு மூட்டைகளை ஒரே சாக்கில் கொட்டிக் கட்டினால் மூட்டைக் கணக்கு குறையும், நெல் குறையாது. அதுபோல மரபணுச் சரக்கில் ஏறக்குறைய மாற்றமில்லை. எலியும் நலமாகவே இருந்தது. அட்லாண்டிக் கடலில் உள்ள மதீரா தீவில் மலைகளால் பிரிந்து வாழும் சுண்டெலிகளில் சிலவற்றுக்கு 22 குரோமோசோம்களே உள்ளன.

சிக்கல் எங்கே?

26 உள்ள எலி தன் கூட்டத்துக்குள் சேர்ந்தால் குறையில்லை. 40 உள்ள எலியோடு சேர்ந்தால் பிறக்கும் குட்டிக்கு 13ம் 20ம் சேர்ந்து 33 வரும். குட்டி நன்றாகவே வளரும். ஆனால் அது இனப்பெருக்கம் செய்யும்போது, ஒட்டிய ஒன்றுக்கு எதிரே ஒட்டாத இரண்டு நிற்பதால் பங்கீடு தவறுகிறது. சில கருக்களுக்கு ஒரு குரோமோசோம் கூடும், சிலவற்றுக்குக் குறையும். அக்கருக்கள் பெரும்பாலும் வயிற்றிலேயே அழிந்துவிடும்.

மாட்டிலும் உண்டு

இதே போன்ற ஒட்டுதலை மாடுகளில் 1964ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் கண்டனர். முதலாவது குரோமோசோமும் 29ஆவதும் ஒட்டியிருந்தன. அத்தகைய மாட்டுக்கு 60க்குப் பதில் 59. பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் சினைபிடிப்பு சற்றுக் குறையும். காளைக்கு இக்குறை இருந்தால் அதன் கன்றுகளில் ஏறக்குறையப் பாதிக்குப் போய்ச் சேரும். ஒரே காளையின் உறைவிந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போவதால், உறைவிந்து நிலையக் காளைகளுக்குக் குரோமோசோம் பரிசோதனை செய்ய வேண்டும் என விதி உள்ளது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. கட்டுடலைப் பார்த்து மட்டும் ஊர்க்காளையோடு பசுவைச் சேர்க்காதீர்கள். பரிசோதித்த காளையின் உறைவிந்தைக் கேட்டுப் பெறுங்கள்.

2. உறைவிந்துக் குச்சியில் அச்சிட்டுள்ள காளை எண்ணையும், ஊசி போட்ட தேதியையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

3. பசு சினை பிடிக்கவில்லை என்றதும் குரோமோசோம் மீது பழி போட வேண்டாம். தவறிய நேரம், தாது உப்புக் குறைவு, கருப்பை நோய் ஆகியவையே பெரும்பாலும் காரணம். காலையில் பருவ அறிகுறி கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் கருவூட்டல் செய்யுங்கள்.

4. மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்காத பசுவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை விற்க அவசரப்பட வேண்டாம். சரியான சிகிச்சையில் தேறிவிடும் பசுக்கள் பல.