சூடான அறையும் மூச்சும்

ஜனவரி மாதம். தில்லியில் கடுங்குளிர். எங்கள் படிப்பு மையத்துக்கு வரும் ஓர் அக்கா, வீட்டு வேலை செய்பவர். ஒருநாள் அவர் கேட்டார்:

"தம்பி, நான் வேலை செய்யும் வீட்டில் அறையைச் சாத்தி, ஹீட்டர் போட்டு யோகா செய்கிறார்கள். வியர்வை கொட்டுகிறது. அது என்ன யோகா?"

"கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி 1970-களில் அமெரிக்காவில் பரப்பிய முறை, அக்கா. அறையில் சுமார் 40 டிகிரி வெப்பம் இருக்கும். 90 நிமிடத்தில் 26 நிலைகள். தொடக்கத்திலும் முடிவிலும் மூச்சுப் பயிற்சி."

"நானும் நேற்று செய்து பார்த்தேன். ஹீட்டருக்கு எங்கே போவது? கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் தலைவலி. குமட்டிக்கொண்டு வந்தது. வெளியே ஓடி வந்துவிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே போகும். நம் இரத்தம் பிராணவாயுவைச் சுமந்து செல்கிறது அல்லவா? இந்த வாயு வந்தால் இரத்தம் இதைத்தான் பிடித்துக்கொள்ளும். பிராணவாயுவுக்கு இடம் இருக்காது. முதலில் தலை வலிக்கும். பிறகு மயக்கம் வரும். தூங்கியவர் எழாமலே போய்விடலாம். வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் இப்படிச் சாவுகள் நடக்கின்றன. யோகாவில் மூச்சை ஆழமாக வேறு இழுக்கிறோம்!

"பக்கத்தில் ஒரு சட்டி தண்ணீர் வைத்தேனே?"

"பலரும் அப்படி நம்புகிறார்கள். இந்த வாயு தண்ணீரில் அடங்காது, அக்கா."

ஹட யோகப் பிரதீபிகை என்பது பழைய யோக நூல். யோகம் செய்யும் இடத்தில், ஒரு வில் தூரத்துக்குள் நெருப்பு கூடாது என்று அதிலேயே இருக்கிறது.

"அப்போது ஹீட்டர் போட்டவர்கள்?"

மின்சார ஹீட்டரில் இந்த வாயு வராது. ஆனாலும் மூச்சைக் கவனிக்க வேண்டும். நாய் மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ளும். மனிதருக்கு வியர்வைதான் துணை. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். சாத்திய அறையில் அது உலராமல் சொட்டும். உடம்பில் சூடு ஏறும். மூக்கால் சீராக மூச்சு விட முடிந்தால் தொடரலாம். வாய் திறந்து இரைத்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி வெளியே வர வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

"எனக்கு ஹீட்டரும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். வெயில் வந்த பிறகு ஸ்வெட்டர் போட்டு வாசலில் செய்கிறேன்" என்றார் அக்கா. புகைமூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யச் சொன்னேன்.

பிறகு அவர் தயங்கினார். "தம்பி, எங்கள் சந்தில் பல வீடுகளில் கரி அடுப்பை உள்ளே வைத்துத்தான் தூங்குகிறார்கள்."

அன்று பாடம் நடக்கவில்லை. இருட்டுவதற்குள் அவரோடு வீடு வீடாகப் போனோம்.