பந்தி முன், சங்கம் பின்

தைப்பூசக் காலத்துத் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் அடியார்க்கு வழிநெடுகச் சோறிடுகின்றனர். அப்பந்தியிற் குலம் வினவுவாரிலர். நம்மிடை விழாக்கால வழக்காயுள்ள இதனைச் சீக்கியர் நாள்தோறும் ஒழுகும் விதியாகவே கொண்டனர். குருநானக் (1469–1539) தொடங்கிய பொதுவுணவுச் சாலை ‘லங்கர்’ எனப்படும். மூன்றாங் குருவாகிய அமர்தாசர், தம்மைக் காண வருவோர் யாவரும் முன்னர்ப் பந்தியிலமர்ந்து உண்ணல் வேண்டுமென வகுத்தனர் என்ப. உடனிருந்து உண்ணான் உபதேசத்திற்கு உரியனல்லன் என்பது கருத்துப்போலும்.

1924ஆம் ஆண்டு, வைக்கத்திற் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடத்தலாகாதென்னுந் தடையை எதிர்த்து அறப்போர் நிகழ்ந்தஞான்று, பஞ்சாபினின்றும் போந்த அகாலியர் ஆங்கொரு லங்கர் திறந்தனர். புறத்தார் உதவி வேண்டாவெனக் காந்தியடிகள் கருதினமையின் அது மூடப்பட்டது. அவர் கருத்து எவ்வாறாயினும், புறத்தார் வந்து அடுப்பு மூட்டுமளவும் நாம் என் செய்திருந்தோம்?

பதி பசு பாசம் மூன்றும் அநாதியென்னும் நம் துணிபு சீக்கியர்க்கு இல்லை. அவ்வேற்றுமையை மறைத்தல் வேண்டா. ஆயினும், ஆணவம் எல்லா உயிரையும் ஒப்பப் பிணித்துள்ளது என்பாரும், சத்திநிபாதம் மலபரிபாகம் நோக்கி நிகழ்வதன்றிப் பிறப்பு நோக்கி நிகழ்வதன்று என்பாரும் நாமே. அங்ஙனங் கூறிக்கொண்டே மாகேசுரபூசையிற் பந்தியைக் குலத்தாற் பிரித்திட்டது எந்நூல் விதி பற்றியென்பது நமக்கு விளங்கவில்லை.