முனை மெலிந்தால் எழுத்து அழகாகுமா?

பள்ளி திறக்கிற ஜூன் மாதத்திலும் பொதுத்தேர்வு நெருங்குகிற நாட்களிலும் ராமநாதபுரம் அரண்மனை வாசல் பக்கத்துக் கடைகளில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இது: “அண்ணே, இருக்கறதுலயே மெல்லிசா எழுதுற பேனா எது?” கேட்பதில் தவறில்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு ஒட்டிக்கொண்டு வரும் சில நம்பிக்கைகள் பிள்ளைகளின் விரல்களை நோகடிக்கின்றன, பெற்றோரின் காசையும் வீணாக்குகின்றன.

நம்பிக்கை: முனை எவ்வளவு மெல்லிசோ, கையெழுத்து அவ்வளவு அழகு.

இதில் பாதி உண்மை. தமிழ் எழுத்துக்குச் சுழிகள் அதிகம். நெருக்கமாகக் கோடு போட்ட நோட்டில் 1.0 மி.மீ. முனையால் ‘ண’ எழுதிப் பாருங்கள். மூன்று சுழியில் ஒன்றாவது மையால் அடைபட்டுப்போகும், ‘ன’வா ‘ண’வா என்று திருத்துபவர் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். 0.5, 0.6 முனைகளில் சுழி திறந்தே நிற்கும். பொடியாக எழுதுகிறவர்களுக்கு மெல்லிய முனை நல்லதுதான்.

மீதிப் பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை. முனை சிறுத்தால் கையின் அழுத்தம் முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். அழுத்தி எழுதுகிற பிள்ளைக்கு ஊசிமுனைப் பேனா தாளைக் கீறும், விரல் நோகும், எழுத்து முன்பைவிடக் கோணும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று தெரிய வேண்டுமா? நேற்று எழுதிய பக்கத்தைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். பனையோலையில் எழுத்தாணி கீறியதுபோல் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் மெல்லிய முனை வேண்டாம். 0.7 கொடுங்கள், பேனாவைத் தளர்த்திப் பிடிக்கப் பழக்குங்கள். கையெழுத்து அதன் பிறகு திருந்தும்.

நம்பிக்கை: 0.5 என்றால் எல்லாப் பேனாவும் ஒரே மாதிரி எழுதும்.

பேனாவில் அச்சிட்டிருக்கும் எண், முனையில் உருளும் குண்டின் விட்டம். விழுகிற கோடு அதைவிட மெல்லிசு. பலரும் வைத்திருக்கும் பைலட் வி5 பேனாவில் குண்டு 0.5 மி.மீ., கோடு ஏறக்குறைய 0.3 மி.மீ.தான். அதே 0.5 பால் பாயின்ட்டில் வெளிறியும் ஜெல்லில் கருத்தும் விழும். காரணம் மை.

கை ஏன் வலிக்கிறது என்பதற்கும் விடை இந்த மையில்தான் இருக்கிறது. லாஸ்லோ பிரோ 1938இல் காப்புரிமை பெற்ற பால் பாயின்ட் பேனாவுக்குக் கெட்டியான மை தேவைப்பட்டது. மை நீர்த்திருந்தால் குண்டைச் சுற்றிக் கசிந்துவிடும். ஆனால் கெட்டி மையை இறக்கக் கை அழுத்த வேண்டும். 1984இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் ஜெல் மையைக் கொண்டுவந்தது. சும்மா இருக்கும்போது கெட்டியாக நிற்கும், குண்டு உருண்டதும் இளகி ஓடும், அதனால் லேசாகத் தொட்டாலே எழுதும். பிறகு குழகுழப்புக் குறைந்த எண்ணெய் மை வந்தது. இன்று நம் ஊர்க் கடைகளில் பத்து, பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கும் பால் பாயின்ட்களிலேயே வழுக்கிக்கொண்டு எழுதும் பேனாக்கள் இருக்கின்றன. பேனாவில் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கடைக்காரர் நீட்டும் துண்டுச் சீட்டில் வட்டம் கிறுக்கிப் பார்ப்பதாலும் பயனில்லை. உங்கள் நோட்டைக் கொண்டுபோய், அதில் நான்கு வரி உங்கள் வேகத்தில் எழுதிப் பாருங்கள்.

நம்பிக்கை: கடல் காற்றில் பேனா கெட்டுப்போகும்.

பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் இது உறுதியான நம்பிக்கை. மாறுவது பேனா அன்று, தாள். தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைக் கையால் தொட்டே உணரலாம். அந்தத் தாளில் மைப்பேனா எழுத்து ஊறிப் பரவும், ஜெல் காயத் தாமதமாகி இடதுகைப் பிள்ளைகளின் உள்ளங்கையெல்லாம் நீலமாகும். பால் பாயின்ட்டுக்கு வேறு தொல்லை. கை பட்ட இடத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஒட்டியிருக்க, பக்கத்தின் அடிப்பகுதிக்கு வரும்போது எழுத்து விட்டுவிட்டு விழும். உடனே ரீஃபில் சரியில்லை என்று தூக்கி எறிகிறோம். கைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை மடித்து வைத்து எழுதினால் போதும். மீன் இறங்குதளத்தில் நனைந்த கையோடு கணக்கு எழுதுகிறவர்களுக்கு எந்தப் பேனாவும் சுகப்படாது. ஈரத் தாளில் பென்சில்தான் நிற்கும்.

நம்பிக்கை: நின்றுபோன ரீஃபிலைத் தீக்குச்சியில் காட்டினால் ஓடும்.

வேண்டாம். பிளாஸ்டிக் இளகும், மை கொட்டும். முனையில் மை காய்ந்திருந்தாலோ தாள் நார் சிக்கியிருந்தாலோ ரப்பர் செருப்பின் அடியில் நாலு சுற்றுச் சுற்றினால் குண்டு மறுபடி உருளும். அதற்கும் மசியாவிட்டால் ரீஃபிலை மாற்றுவதே வழி.

நம்பிக்கை: ஜெல் மை மறைந்துவிடும், அதனால்தான் அரசுத் தேர்வில் தடை.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். 2019 செப்டம்பர் 1 அன்று நடந்த குரூப் 4 தேர்வில், முதல் 100 இடங்களில் ஏறக்குறைய 40 இடங்களை ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் பிடித்தார்கள். விசாரணை நடந்தது. சில மணி நேரத்தில் மறையும் மையால் விடை குறித்து, பின்னர் இடைத்தரகர்கள் மூலம் சரியான விடைகள் நிரப்பப்பட்டதாக, தேர்வை நடத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) அறிவித்தது. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது. இரவு பகலாகப் படித்து நேர்மையாக எழுதிய இந்த மாவட்டத்துப் பிள்ளைகளும் அன்று சந்தேகக் கண்ணுக்கு ஆளானார்கள். அந்த வலி இன்னும் ஆறவில்லை.

ஆனால் ஜெல் பேனாவுக்கும் அந்த மோசடிக்கும் தொடர்பில்லை. மறையும் மைகள் தனி இனம். சில, காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு நிறம் இழக்கும். பைலட் ஃபிரிக்‌ஷன் போன்றவை 60 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில் நிறம் மாறும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அந்தப் பேனாவால் எழுதிய தாளை விட்டால் எழுத்து காணாமல் போகலாம், எனவே பத்திரம், வங்கிப் படிவம் எதற்கும் அதைத் தொடாதீர்கள். சாதாரண ஜெல் மை அப்படி மறையாது. விடைத்தாளில் வட்டத்தை நிரப்பும்போது அது காயாமல் பக்கத்து வட்டத்தில் ஈஷிக்கொள்ளும், தாளின் மறுபக்கம் ஊறும். சிக்கல் அதுதான். தேர்வாணையம் கேட்பதும் கருப்பு பால் பாயின்ட் பேனாவைத்தான்.

அங்கே மெல்லிய முனைக்கும் வேலையில்லை. குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒரு வட்டத்தை நிரப்ப 0.5 முனை பல தடவை போய் வர வேண்டும், அதற்குள் தாள் தேய்ந்துவிடும். 1.0 முனையில் இரண்டு மூன்று சுற்றில் முடியும். பாடக் குறிப்பு எழுத உங்களுக்குப் பிடித்த 0.5 இருக்கட்டும். தேர்வு மையத்துக்குப் போகும்போது பெருமுனைக் கருப்பு பால் பாயின்ட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் முந்தின நாளே பத்துப் பதினைந்து வட்டம் நிரப்பி ஓடவிட்டு வையுங்கள்.